காலியாக இருந்த ஓடைகள்

எனக்கு மீன் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது என் மாமா. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே எங்கள் ஊர் ஏரிக்கரையில், ஒரு மூங்கில் குச்சி, ரெண்டு பாகம் நரம்பு, தக்கைக்கு ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு, ஒரு முள், தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. அவ்வளவுதான் சாமான். "டேய், தண்ணிய பாக்காத, தக்கைய பாரு" என்பார். பெரும்பாலும் ஜிலேபிதான் மாட்டும். வீட்டுக்குப் போனால் அம்மா, "திரும்பவும் ஜிலேபியா?" என்று முகத்தைச் சுளிப்பார். நானும் பிறகு இன்ஜினியரிங் படித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். தூண்டில் மறந்துபோனது.

மூன்று வருடம் முன்பு அலுவலக நண்பர்களோடு நீலகிரிக்குப் போனோம். எமரால்டு பக்கம் கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு இடம். எங்களில் ஒருவன் நாலு வருடம் அமெரிக்காவில் கொலராடோவில் ஆன்சைட் இருந்தவன். அங்கே ஃபிளை ஃபிஷிங் பழகியிருக்கிறான். நாலு துண்டாகக் கழற்றி மாட்டும் ஒரு கோலை, துப்பாக்கி கொண்டுவருவது மாதிரி ஒரு குழாய்க்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தான். வழிகாட்டியாக வந்த எமரால்டுப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ரிசர்வ் ஃபாரஸ்ட். பிடிக்க வுடமாட்டாங்க" என்றான்.

"ஓடையில மீன் இருக்கா, இல்லையா?"

"இருக்கு அண்ணா. டிரவுட்டு. வெள்ளைக்காரன் போட்டது."

'போட்டது' என்ற சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. ரோடு போட்டது, ரயில் போட்டது என்பதுபோல மீனையும் போட்டிருக்கிறார்கள். ஏன், எப்படி என்று தேடப் போய், அது கடைசியில் என்னைத் திரும்ப எங்கள் ஊர் ஏரிக்கரைக்கே கொண்டுவந்து விட்டது.

*

முதலில் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நண்பன் ஓடையில் இறங்க முடியாத ஏக்கத்தில், முள்ளைக் கழற்றிவிட்டு, கூடாரத்துக்கு முன்னால் இருந்த புல்வெளியிலேயே வீசிக் காட்டினான்.

மாமாவின் தூண்டிலில் எடை இருப்பது புழுவிலும் முள்ளிலும். வீசினால் அந்த எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் முள்ளின் மேல் கட்டியிருப்பது சேவலின் கழுத்து இறகும் பட்டு நூலும். ஒரு ஈ அல்லது நீர்ப்பூச்சி மாதிரி தெரிய வேண்டும். அதற்கு எடையே கிடையாது. எனவே எடையை நூலிலேயே வைத்துவிட்டார்கள். தடித்த நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, காற்றில் சாட்டைபோல் விரித்து, கடைசியில் அந்தப் பொய்ப்பூச்சி தண்ணீர் மேல் சத்தமில்லாமல் வந்து உட்காரும்படி விட வேண்டும். நூல் பொத்தென்று விழுந்தால் மீன் ஓடிவிடும்.

இந்த வித்தை முழுவதும் ஒரு மீனின் பழக்கத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. டிரவுட் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் தண்ணீரில் ஒரு கல்லின் பின்னால் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு நிற்கும். மேலே மிதந்து வரும் பூச்சியைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்து கவ்வும். நம் ஏரியின் கலங்கல் தண்ணீரில் கெளுத்தி மீசையால் தடவித் தேடும் இரை வேறு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டிரவுட் பிடிப்பது கனவான்களின் விளையாட்டாகிவிட்டது. எந்த ஓடையில் யார் பிடிக்கலாம் என்பது சொத்துரிமை. என்ன மாதிரி ஈ கட்டுவது என்று புத்தகம் புத்தகமாகச் சண்டை போட்டார்கள்.

அந்த ஆட்கள்தான் உதகைக்கு வந்தார்கள். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிப் பார்த்து, 1820-களில் ஓடையை மறித்து ஊட்டி ஏரியைக் கட்டினார். இங்கிலாந்து மாதிரியே குளிர், பனி, புல் மூடிய குன்றுகள், மடிப்புக்கு மடிப்பு ஓடை. வீட்டுக் கூரை, ரோஜா, உருளைக்கிழங்கு எல்லாம் வந்துவிட்டன. ஓடைக்குள் மட்டும் அவர்களுக்குத் தெரிந்த மீன் இல்லை. கல்லில் ஒட்டி வாழும் விரலளவு மீன்கள், நண்டு, தலைப்பிரட்டை, பூச்சிகள், அவ்வளவுதான். அருவிகளுக்கு மேலே உள்ள ஓடைகளில் பொதுவாகவே மீன் வகைகள் குறைவு. அவர்கள் கண்ணுக்கு அந்த ஓடைகள் காலி.

*

காலி என்றால் நிரப்ப வேண்டும். ஆனால் எப்படி? ஒரு ப்ரோக்ராமராக எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இது ஒரு சுத்தமான லாஜிஸ்டிக்ஸ் சிக்கல்.

உயிருள்ள டிரவுட்டைக் கப்பலில் வெப்பமண்டலத்தைத் தாண்டிக் கொண்டுவருவது நடக்காத காரியம். முட்டையாகக் கொண்டுவரலாம். முட்டை பொரிக்கும் காலம் நாள் கணக்கில் ஓடாது, வெப்பக் கணக்கில் ஓடும். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் ரெயின்போ டிரவுட் முட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரிக்கும். பிரவுன் டிரவுட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட. வெப்பத்தைப் பாதியாக்கினால் காலம் இரட்டிப்புக்கும் மேலே நீளும். உறைநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் முட்டைக்குள் கடிகாரமே கிட்டத்தட்ட நின்றுபோகும். ஆக, பயணம் முழுக்க பனிக்கட்டி கரையாமல் இருக்க வேண்டும். வழியில் ஒரு நாள் ஐஸ் தீர்ந்தாலும் எல்லாம் அழுகிவிடும்.

நீலகிரிக்கு முதலில் முயன்றவர் ஃபிரான்சிஸ் டே. மெட்ராஸ் ராணுவ மருத்துவத் துறையில் டாக்டர். பிற்பாடு இந்திய மீன்கள் பற்றி இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டும் பெரிய நூலை எழுதியவர். 1863-ல் அவர் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டை கொண்டுவரப் பார்த்தார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. எகிப்தில் இறங்கி, தரைவழியே கடந்து, செங்கடலில் வேறு கப்பல் ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873-ல். அதற்கு மேல் மலை. முயற்சி தோற்றது.

அடுத்த வருடமே உலகத்தின் மறுகோடியில் ஒருத்தர் ஜெயித்துவிட்டார். ஜனவரி 1864-ல் லண்டனிலிருந்து 'நார்ஃபோக்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அதற்குள்ளே ஒரு ஐஸ் அறை. ஈரப்பாசியில் பொதிந்த முட்டைகளை மரப்பெட்டிகளில் அடுக்கி, மேலே டன் கணக்கில் ஐஸ். முக்கியச் சரக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன் முட்டைகள். கூடவே, கொசுறு மாதிரி, சில ஆயிரம் டிரவுட் முட்டைகள். மூன்று மாதம் கழித்து டாஸ்மேனியாவில் முட்டைகள் பொரித்தன. வேடிக்கை என்னவென்றால், கடலுக்குப் போன சால்மன் திரும்பி வரவேயில்லை. கொசுறாகப் போன டிரவுட்தான் வேரூன்றியது. அங்கிருந்து 1867-ல் நியூசிலாந்துக்குப் போனது.

பிறகு இது ஒரு சங்கிலித்தொடர். இலங்கையில் 1880-களில் பிரவுன் டிரவுட், நுவரெலியாவைச் சுற்றியுள்ள மலை ஓடைகளில். தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஆட்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அதே மலைகள். 1896-ல் அங்கே மீன்பிடிக்கென்றே ஒரு கிளப். 1899-ல் ரெயின்போவும் வந்துசேர்ந்தது. அதே ஆண்டு காஷ்மீருக்கு பெட்ஃபோர்ட் கோமகன் அனுப்பிய முட்டைகள் வழியிலேயே செத்தன. மறுவருடம் இரண்டாவது தவணை உயிரோடு போய்ச் சேர்ந்தது. ஃபிராங்க் மிட்செல் என்பவர் அவற்றை வளர்த்தெடுத்தார். 

*

டே தோற்று நாற்பது வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, 1906-ல் ஹெச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் நீலகிரிக்கு வந்தார். இந்த முறை முட்டைக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே இலங்கையில் டிரவுட் இருந்தது. நியூசிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும்கூட முட்டைகள் தருவித்தார்கள். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. பிரவுன் டிரவுட் நிலைக்கவில்லை. கொஞ்சம் கூடுதல் வெப்பம் தாங்கும் ரெயின்போ நிலைத்தது. முக்குருத்தி, பார்சன்ஸ் வேலி, எமரால்டு, அவலாஞ்சி என்று மேட்டுநில ஓடைகள் ஒவ்வொன்றிலும் குஞ்சுகளை விட்டார்கள். ஊட்டிக்கு மலை ரயில் வந்தது 1908-ல். மீன் ரயிலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அந்த 1907-தான் மெட்ராஸ் மீன்வளத் துறைக்கும் பிறந்த வருடம். அதை உருவாக்கிய சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் ஓய்வுபெற்ற சிவில் அதிகாரி. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பற்றிய அறிக்கைக்காகப் பேசப்பட்டவர். அவருடைய கவலை விளையாட்டு பற்றியது அல்ல. ஏழை மீனவன் பிடித்த மீன் கெட்டுப்போகாமல் கருவாடாக்குவது எப்படி, வயிற்றுக்குப் போதுமான மீன் எங்கிருந்து வரும் என்பதே. வில்சனும் இந்தத் துறைக்குள் வந்து கொள்ளிடத்தில் ஹில்சாவின் முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பார்த்தார். இன்னொரு அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியில் ஆளி வளர்த்துப் பார்த்தார். மேலே கனவான்களுக்கு டிரவுட், கீழே பழவேற்காட்டில் ஆளி. இரண்டும் ஒரே துறையின் கோப்புகள். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம். எங்கள் ஊர் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

ஓடைகளைக் காக்க ஏற்கனவே ஏற்பாடு இருந்தது. 1879-லேயே நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க மெட்ராஸ் அரசு சட்டம் போட்டிருந்தது. துரைமாரின் வேட்டைச் சங்கம் உரிமம், பருவம், காவலர் என்று எல்லாம் வகுத்தது. காட்டுக்குள்ளே ஓடைக்கரையில் சின்னச் சின்ன 'ஃபிஷிங் ஹட்'கள் கட்டினார்கள். முக்குருத்தி, பங்கித்தபால் போன்ற இடங்களில் அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தச் சங்கத்தைப் பற்றிக் கேலியாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. அவர்கள் காவல் வைத்த அதே புல்வெளிகளில்தான் வரையாடு பிழைத்தது. பிற்பாடு முக்குருத்தி தேசியப் பூங்காவாக ஆனதற்கு அந்தக் காவலும் ஒரு காரணம்.

*

ஆனால் 'காலி' என்ற கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

வில்சன் வந்த அதே 1906-ல் தோடர்கள் பற்றி ஒரு தடித்த புத்தகம் வெளியானது. எழுதியவர் பெயர் பொருத்தமாக ரிவர்ஸ், டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். அதில் பைக்காராவும் அவலாஞ்சி ஆறும் தோடர்களுக்குப் புனிதமானவை என்று வருகிறது. யார், எந்த நாளில், எப்படி அவற்றைக் கடக்கலாம் என்பதற்கு விதிகள். ஒரு மந்துக்குப் பக்கத்தில் ஓடும் ஒரே ஓடையில், எருமைப்பால் கோயிலுக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் வேறு, வீட்டுக்கு எடுக்கும் இடம் வேறு. ஆக, துரைமார் மீன் இல்லை என்று பார்த்த தண்ணீரில் தோடர்களுக்கு எல்லைகளும் பெயர்களும் நாள்களும் இருந்தன. அவற்றில் எதையும் தூண்டிலால் பிடிக்க முடியாது என்பதால் கணக்கில் வரவில்லை.

ஓடைக்கு மேலே இருந்த புல்வெளிக்கும் இதே கதிதான். எருமை மேய்ந்த நிலத்தை வருவாய்த் துறை 'வேஸ்ட் லேண்ட்' என்று எழுதியது. தரிசு. தரிசென்றால் காப்பி, தேயிலை, சின்கோனா போடலாம். விறகுக்காக 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரம் வந்தது. சீகை மரம் வந்தது. வேலி கட்ட, வீட்டு நினைவில், மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ் முள்செடி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் இதை நிறுத்தவில்லை, இன்னும் வேகமாகச் செய்தோம். தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் நூலுக்குத் தைலமரக் கூழ். புல்வெளி குன்று குன்றாக மரத்தோட்டமானது.

டிரவுட்டின் கதை இங்கேதான் திரும்புகிறது. அந்த மீனுக்கு வேண்டியது குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர். கடல்மட்டத்தில் 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்குப் பதினோரு மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கோடையிலும் வற்றாமல் குளிர்ந்து ஓடும் ஓடையை நீலகிரிக்குக் கொடுத்தது சோலையும் புல்வெளியும். புல்லும் அதன் அடியிலிருக்கும் சதுப்பும் பருவமழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மார்ச் ஏப்ரலில் சொட்டுச் சொட்டாக விடும். க்ளென்மார்கனில் மண்வள விஞ்ஞானிகள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடைப் படுகைகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் தைலமரம் நட்டு வருடக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட பக்கம் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது.

ஆக, மேலே நிலம் காலி என்று மரம் வைத்த பார்வை, கீழே ஓடை காலி என்று மீன் விட்ட பார்வையின் காலை வாரிவிட்டது. போதாக்குறைக்கு 1950-களின் பிற்பாதியில் கனடா உதவியுடன் குந்தா மின்திட்டம் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று அணைகள். டிரவுட் விட்ட ஓடைகள் பலவும் நீர்த்தேக்கத்துக்குள் போயின. அந்த மின்சாரம் மலையிறங்கி மாநிலம் முழுக்கப் போனது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் உலைகள் அதே மின்தொகுப்பிலிருந்துதான் குடிக்கின்றன. எங்கள் நைனா அப்படி ஒரு உருக்காலையில்தான் ஷிப்ட் பார்த்தார். நான் படித்தது அந்தச் சம்பளத்தில். எனவே அணை கட்டியவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் 'உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ரெயின்போ டிரவுட் உண்டு, பிரவுன் டிரவுட் உண்டு, கருஞ்சீகை உண்டு, கோர்ஸ் உண்டு, உண்ணிச்செடி உண்டு. ஒரு நீலகிரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பட்டியலில் பாதிப் பக்கம் முடிந்துவிடும் போல. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் விளையாட்டுக்காக விட்ட டிரவுட், அங்கே லட்சக்கணக்கில் இருந்த மஞ்சள்கால் தவளைகளைக் காலி செய்தது. சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட்டை மொத்தமாக எடுத்த பிறகு தவளைகள் திரும்பி வந்தன. காலி என்று நினைத்த ஏரியில் அவ்வளவு உயிர் இருந்தது என்பது தெரிய, போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனபோது இன்னொரு பெயர் வந்தது. மொசாம்பிக் திலாப்பியா. அட, நம்ம ஜிலேபி! 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தது. இது கனவான் விளையாட்டுக்காக வந்ததல்ல. சுதந்திர இந்தியா, பசித்த வயிறுகளுக்கு மலிவான புரதம் என்று நல்ல எண்ணத்தோடு குளங்களில் விட்டது. குளத்துக்குக் குளம் அதுவே நிறைந்துபோனது. என் சிறுவயது முழுக்க நான் பிடித்தது ஒரு கோப்பின் முடிவை.

*

போன பொங்கலுக்கு அந்த நண்பன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கோலையும் கொண்டுவந்திருந்தான். மாமாவைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். கரையிலிருந்து பார்த்தால் மேற்கே முன்பு மாடு மேய்ந்த இடம். ஊர்க் கணக்கில் அது மேய்க்கால் புறம்போக்கு. இப்போது காம்பவுண்டு சுவர், தகரக் கூரைகள். கையகப்படுத்தும்போது வந்தவர்கள், "சும்மா கெடக்குற நெலம்தானே" என்று சொன்னதாக மாமா இன்றைக்கும் சொல்வார். ஏரி இருக்கிறது. ஒரு மூலையில் தண்ணீர் வேறு நிறம்.

நண்பன் நூலைத் தலைக்கு மேலே சுழற்றி வீசியதை மாமா வாயில் கை வைத்துப் பார்த்தார். "நல்லாதான் கீது. ஆனா இவ்ளோ வேலையும் பாத்து புடிச்சிட்டு, திருப்பித் தண்ணியில வுட்டுடுவீங்களா?"

"ஆமா மாமா. அங்கெல்லாம் அப்படித்தான்."

"அப்ப மீனுக்கு எதுக்கு அவ்ளோ தொந்தரவு?"

ஒன்றும் மாட்டவில்லை. கலங்கல் தண்ணீரில் எந்த மீனும் அந்த இறகைப் பார்த்திருக்காது. நான் மாமாவிடம், "ஜிலேபி வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன மாமா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் பிறந்தபோதே ஜிலேபி வந்துவிட்டது. ஆனால் அவருடைய அப்பா சொன்னதும், அவர் சின்னப் பிள்ளையாக மீதம் பார்த்ததும் நினைவிருந்தது. விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். கெண்டை. அதிலேயே சேல் கெண்டை, பால் கெண்டை. கெளுத்தி. விரால். குறவை. ஆரால். அயிரை. உளுவை. பனையேறி, அது மழை பெய்தால் கரையேறி நடந்து போகுமாம்.

ஒரு கை விரல்கள் முடிந்து அடுத்த கைக்குப் போனார். நான் மொபைலில் எழுதிக்கொண்டேன்.